பாதி மாத்திரை

கிள்ளான்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமரை எழுதுகிறேன். நானும் அம்மாவும் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி கூடியிருக்கிறது, மற்றபடி சுகம். உனக்கு அந்தத் தோல் அரிப்பு அடங்கியதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

அம்மா ஜெயிலுக்கு வரும்போது நீங்கள் இருவரும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசுகிறீர்கள். அதில் சொல்ல முடியாத விஷயம் என்பதால் எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரியக்கூடாது.

ஐந்து வாரமாக நான் மாத்திரை சாப்பிடுகிறேன். மன அழுத்தத்துக்கு.

சுபாங் ஜெயா பார்சல் கிடங்கில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்று உனக்குத் தெரியும். ஜூலையில் ஒரு நாள் கழிவறைக்குள் போனவள் நாற்பது நிமிடம் வெளியே வரவில்லை. அழுதுகொண்டிருந்தேன். காரணம் கேட்டால் தெரியாது. சுப்பர்வைசர் கதவைத் தட்டி, "என்னம்மா, உள்ளயே குடும்பம் நடத்துறியா?" என்றார். மறுநாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. அதற்கு அடுத்த நாளும்.

கிளினிக்கில் ஒரு தாள் கொடுத்தார்கள். மலாயில் ஒன்பது கேள்வி. டாக்டர் மார்க்கைக் கூட்டி "பதினெட்டு" என்றார். பள்ளியில் நான் கணக்கில்கூட அவ்வளவு வாங்கியதில்லை. ஏழு நிமிடத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மாத்திரையை நாப்கின் பைக்குள் வைத்திருக்கிறேன். அம்மா அதைத் திறக்கமாட்டார்.

இப்போது வேலைக்குப் போகிறேன். அழுகை வருவதில்லை. ஆனால் எதுவுமே வருவதில்லை அண்ணே. ஆகஸ்டில் அப்பா திதிக்கு எல்லாரும் அழுதார்கள், நான் வடையை எண்ணிக்கொண்டிருந்தேன். இது குணமா, வேறு நோயா?

இன்னொன்று. மாத்திரைப் பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்பத்தில் சாகும் எண்ணம் கூடலாம், கவனித்துக்கொள்ளவேண்டும் என்று போட்டிருக்கிறது. டிசம்பர் ஒன்பதாம் தேதி எனக்கு இருபத்தைந்து. அன்று காலையில் அந்த எண்ணம் தானாக நின்றுவிடுமா?

சிரிக்கத்தான் எழுதினேன். பயப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை
தாமரை

---

5 அக்டோபர் 2025

தாமரைக்கு,

உன் கடிதம் பத்தொன்பது நாள் கழித்துக் கைக்கு வந்தது. இங்கே தமிழ்க் கடிதத்தைப் படித்துப் பார்த்து அனுப்ப ஒரே ஓர் ஆள்தான். அவர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார், அதுவும் வந்தால். மலாயில் எழுதலாம். மலாயில் உன்னைத் திட்ட எனக்கு வராது. என் அரிப்பு பரவாயில்லை. முட்டிக்கு எண்ணெய் சூடுபண்ணித் தேய்க்கச் சொல்.

அந்த மாத்திரையை நிறுத்து.

எனக்குத் தெரியாத மாத்திரையா? போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும்போது முதலில் தூங்காமல் இருக்க ஒன்று போட்டேன். பிறகு தூங்குவதற்கு ஒன்று. பிறகு எதற்கு என்றே தெரியாமல். அதை வைத்திருந்ததற்காகத்தான் இங்கே கிடக்கிறேன். அன்றைக்குக் கொடுத்தவனும் "இது ஒண்ணும் செய்யாது, நார்மலா இருப்ப" என்றுதான் சொன்னான். உன் டாக்டர் வெள்ளைக் கோட்டு போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பார்கள். மூத்திரம் போனால் நேரம் குறிப்பார்கள். உனக்கு அழுகை வந்தால் அது நோயா? வராவிட்டால்தான் நோய். பணக்காரனுக்கு மனசு சரியில்லை என்றால் லீவு எடுக்கிறான், மலைக்குப் போகிறான். நமக்கு மாத்திரை. கம்பெனிக்கு வந்த வியாதிக்கு நீ ஏன் மருந்து சாப்பிடுகிறாய்?

சாகும் எண்ணம் வரும் என்று அவர்களே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அதையும் வாங்கி விழுங்குகிறாய். படித்த பிள்ளை நீ.

நிறுத்திவிட்டு எழுது. அம்மாவிடம் சொல்லமாட்டேன்.

அண்ணன்
ஜீவன்

---

2 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வீட்டில் சுகம். தீபாவளிக்கு இரண்டு நாள் லீவு கேட்டேன், ஒரு நாள் கிடைத்தது. அம்மா உனக்குப் பிடிக்குமென்று அச்சு முறுக்கு சுட்டார், பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

அம்மா உனக்காக ஒரு வேண்டுதல் வைத்திருக்கிறார். நீ நல்லபடியாக வெளியே வரவேண்டும் என்று தைப்பூசத்துக்கு நான் பத்துமலையில் பால்குடம் எடுக்கவேண்டும். மூன்றாம் மாடி இராஜம்மா ஆன்டிதான் நம் பிளாட்டுக்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கோயிலில் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறார். டிசம்பர் பதினைந்தில் விரதம் ஆரம்பம். நாற்பத்தெட்டு நாள். பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் மஞ்சள் சேலையும் செம்புக் குடமும் வாங்கினோம். அம்மா கடைகடையாக ஏறி இறங்கினார். முட்டி வலியையே மறந்துவிட்டார்.

ஆன்டி விதிகளைச் சொன்னார். மாமிசம் கூடாது, தரையில்தான் படுக்கவேண்டும், கோபப்படக்கூடாது. "வெரதத்துல தலவலிக்கு பனடோல் மாத்திரகூட தொடக்கூடாது. ஒடம்ப அவகிட்ட குடுத்தாச்சு, அவ பாத்துக்குவா."

நீ எழுதியதற்கு: பார்க்கிறேன்.

தாமரை

---

23 நவம்பர் 2025

தாமரைக்கு,

நான் நலம். பால்குடம் எடு, சந்தோஷம். கோயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் கேட்டதற்கு ஒரு வார்த்தை.

நிறுத்தினாயா இல்லையா? விரதம் வருகிறது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான் இங்கே முதல் வாரத்தில் சுவரைப் பிறாண்டிக்கொண்டு ஒரே நாளில் விட்டேன். உன்னால் முடியாதா?

உன் பிறந்தநாளுக்கு இந்தக் கடிதம் வந்து சேராது. இப்போதே வாழ்த்திவிடுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

ஜீவன்

---

கிள்ளான்
21 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. அம்மா நன்றாக இருக்கிறார். நான் எப்படி இருக்கிறேன் என்று தெரியவில்லை, அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நிறுத்திவிட்டேன். பதினைந்தாம் தேதி காலையில் மாலை போட்டார்கள், அன்றோடு சரி. கிளினிக்கில் சொல்லவில்லை. அடுத்த தவணை பிப்ரவரியில்தான்.

மூன்றாவது நாள் அழுதேன். டிவியில் பால் விளம்பரம், அதற்கு அழுதேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அண்ணன் சொன்னது சரி, நான் திரும்பி வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நான்காவது நாளிலிருந்து வேறொன்று. தலையைத் திருப்பினால் மூளைக்குள் மின்சாரம் அடிக்கிற மாதிரி ஒரு வெட்டு. ஒரு நொடிதான். ஒரு நாளைக்கு நூறு தடவை. கிடங்கில் பார்சல் ஓடும் பெல்ட்டைப் பார்த்தால் தரையும் சேர்ந்து ஓடுகிறது. கனவில் யார் யாரோ வருகிறார்கள், விழித்த பிறகும் போகமாட்டேன் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை சுப்பர்வைசரின் கையிலிருந்த ஸ்கேனரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். நானா அது?

உனக்கு விட்டபோது இப்படி இருந்ததா? எத்தனை நாளில் போனது? இது மாத்திரை போவதா, பழைய நோய் வருவதா, அல்லது விரதத்தில் ஒரு வேளை சாப்பிடுவதால் வரும் மயக்கமா? யாரைக் கேட்பது? தெரிந்தவர்களிடமெல்லாம் ஏதாவது ஒன்றை மறைத்திருக்கிறேன்.

சீக்கிரம் எழுது.

தாமரை

---

கிள்ளான்
4 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள். உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

முந்தாநாள் கோயில் பூசையில் உருமி அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் தலைக்குள் ஒரு வெட்டு. காதைப் பொத்தினேன். கால் நடுங்கியது, விழுந்தேன். எழப் பார்த்தால் உடம்பு ஆடுகிறது, நிறுத்த முடியவில்லை. இராஜம்மா ஆன்டி என் தலைமுடியை அவிழ்த்துவிட்டு நெற்றி நிறைய விபூதி அப்பினார்.

"அடிங்கடா, நல்லா அடிங்க. வந்துட்டா."

உருமிக்காரர்கள் இன்னும் பலமாக அடித்தார்கள்.

"தாயே, யாரும்மா நீ? என்னா வேணும் ஒனக்கு?"

"தலைக்குள்ள சுவிட்ச போட்டுப் போட்டு அமத்துறாங்க, நிறுத்தச் சொல்லு," என்றேன். அதுதான் உண்மை.

ஆன்டி அப்படியே கையெடுத்துக் கும்பிட்டார். "கேட்டீங்களா? போன வாரம் எங்க வீட்டு வயரிங் எரிஞ்சிச்சே, நான் இவகிட்ட சொல்லவே இல்ல. அத சொல்றா பாருங்க."

அதற்குப் பிறகு வரிசை. பிள்ளைக்கு வேலை கிடைக்குமா, மருமகள் திரும்பி வருவாளா. யார் யாருக்கோ என்னவோ சொன்னேன், பாதி நினைவில்லை. தாத்தா வயதில் ஒருவர் காலில் விழுந்தார். கிடங்கில் என்னை 'மென்டல் கேஸ்' என்று கூப்பிடுகிறார்கள், லீவுக்குக் கொடுத்த எம்சி சீட்டில் எந்தக் கிளினிக் என்று அச்சாகியிருப்பதைப் பார்த்துவிட்டார்கள். இங்கே அதே தலையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

அம்மாவைப் பார்க்கவேண்டும் நீ. உன்னைப் பிடித்துக்கொண்டு போன பிறகு பிளாட்டில் அவரோடு யாரும் நின்று பேசியதில்லை. இப்போது லிப்டில் இடம் விடுகிறார்கள். இரவு என் கால்களைப் பிடித்துவிட்டார். அம்மா என் கால்களைப் பிடிக்கிறார் அண்ணே. நான் எப்படிச் சொல்வது?

உண்மையில் அவள் வந்திருந்தால்? எனக்கு மாத்திரையைப் பற்றித் தெரியும், அவளைப் பற்றி என்ன தெரியும்?

தூக்கம் இல்லை. வேறு சில எண்ணங்களும் வருகின்றன. அதை எழுதமாட்டேன்.

தாமரை

---

8 ஜனவரி 2026

தாமரை,

உன் டிசம்பர் கடிதம் நேற்று வந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை முதலில் படி.

என் அறையில் பேசில் என்று ஓர் அங்கிள் இருக்கிறார். ரவாங்கில் ஒரு கிளினிக்கில் இருபது வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவர். பேர் சொல்லாமல் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரே நாள்ல விட்டுச்சா அந்தப் புள்ள? அது பத்துப் பேருக்குப் பத்து விதமா அடிக்கும்டா. தலைக்குள்ள ஷாக் அடிக்கும், கால் நிக்காது, பைத்தியம் மாதிரி கோவம் வரும். டாக்டர்தான் கொஞ்சங் கொஞ்சமா எறக்கணும். எந்த மடையன் நிறுத்தச் சொன்னது?"

நான்தான் என்றேன். அவர், "நீ போட்ட சாமானும் இதுவும் ஒண்ணுன்னு நெனச்சிட்டியா," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தவணைக்குக் காத்திருக்காதே. நாளைக்கே கிளினிக்குக்குப் போ. நிறுத்தியதைச் சொல். நீயாகவும் மறுபடி ஆரம்பிக்காதே, அவர்களைக் கேட்டுச் செய். கெட்ட எண்ணம் வந்தால் தனியாக இருக்காதே.

ஜீவன்

---

25 ஜனவரி 2026

தாமரை,

உன் ஜனவரி கடிதம் முந்தாநாள் கிடைத்தது. நான் எட்டாம் தேதி எழுதியது உனக்கு வந்ததா? வந்திருந்தால் எழுதியிருப்பாய். இங்கே கேட்டால், "போற கடிதம் மெதுவாத்தான் போகும், உனக்கு என்ன அவசரம்," என்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லவேண்டும். பதினெட்டாம் தேதி அம்மா வந்தார். பூ வைத்திருந்தார். உட்காரும் முன்பே ரிசீவரை எடுத்து, "தம்பி, நம்ம பாப்பா மேல ஆத்தா எறங்கிட்டாடா," என்றார். நீ ஆடியதை, விழுந்ததை, எல்லாம் சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. பத்து நாளுக்கு முன்னால்தான் பேசில் அங்கிள் சொல்லியிருந்தார். 'அம்மா, அது ஆத்தா இல்லை, அவளை இப்போதே கிளினிக்குக்குக் கூட்டிப் போ' என்று ஒரு வாக்கியம் சொல்லவேண்டியது. பத்து நிமிடம் இருந்தது.

சொல்லவில்லை. நான் உள்ளே வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், என் கடிதமும் உனக்கு வந்திருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். "நல்லதும்மா," என்றேன். மணி அடித்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு வாரத்தில் தைப்பூசம். அந்த எண்ணங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வரி எழுது. வெறும் தாளில் பேர் மட்டுமாவது எழுதி அனுப்பு.

ஜீவன்

---

கிள்ளான்
15 பிப்ரவரி 2026

அண்ணனுக்கு,

இருக்கிறேன். அம்மாவும் இருக்கிறார்.

உன் இரண்டு கடிதமும் ஒன்பதாம் தேதி ஒன்றாக வந்தன. தமிழ் படிக்கிறவர் தைப்பூசத்துக்கு லீவில் போயிருப்பார். அவை எதற்கும் எனக்கு உதவவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி இருபத்தொன்பது காலையில் வேலைக்குப் போகக் கிள்ளான் ஸ்டேஷனில் நின்றேன். மூன்று கொமுட்டர் ரயில் போனது, நான் ஏறவில்லை. அதற்குமேல் எழுதமாட்டேன். இதை யாரோ ஒருவர் படிக்கிறார். பிறகு திரும்பிக் கிளினிக்குக்கு நடந்தேன். ஏன் திரும்பினேன் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. ஆத்தாவும் இல்லை, நீயும் இல்லை. வெயில் அடித்தது, கால் நடந்தது.

விரதக் கோலத்திலேயே போனேன்: மஞ்சள் சேலை, மாலை, விபூதி. கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண், "அக்கா, கோயில் டொனேஷன்னா மேல ஆபீஸ்ல கேளுங்க," என்றாள். நான் சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை, பிறகு அழுதேன். அவள் எழுந்து வந்து நேராக உள்ளே கூட்டிப்போனாள்.

இந்த முறை வேறு டாக்டர். எப்போது நிறுத்தினேன் என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார். பாதி மாத்திரையிலிருந்து மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். ஒன்றும் தோன்றாமல் மரத்துப்போகிறது என்றேன். "அதை அப்போதே வந்து சொல்லியிருக்கலாமே, மாற்றிப் பார்க்க வழி இருக்கிறது," என்றார். இப்படி ஒரு வழி இருப்பதை முதல் ஏழு நிமிடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாரம் ஒரு முறை வரவேண்டும், வீட்டில் ஒருவருக்குத் தெரியவேண்டும் என்றார். அம்மாவைப் போனில் வரச் சொன்னார்கள்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டார். வெளியே வந்து பஸ் நிற்குமிடத்தில் உட்கார்ந்தோம். அம்மா, "அப்ப அன்னைக்கு வந்தது யாரு?" என்றார்.

தைப்பூசத்தன்று விடியலில் பத்துமலை ஆற்றங்கரையில் அம்மாவே பாதி மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தார். இராஜம்மா ஆன்டி பார்த்துவிட்டார். "என்னா புள்ள, வெரதத்துல?" அம்மா, "நீங்க பிரஷர் மாத்திர போட்டுட்டுத்தான வந்தீங்க?" என்றார். குடத்தை அம்மா எடுத்தார். நான் பக்கத்தில் நடந்தேன். உருமி அடித்தார்கள். எனக்குத் தலை சுற்றியது, ஆடவில்லை. லிப்டில் இப்போது யாரும் இடம் விடுவதில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. நிறுத்தச் சொன்னதற்கு அல்ல, நிறுத்தியது நான். அந்தப் பத்து நிமிடத்துக்கு. இன்னொரு கோபமும் உண்டு. கம்பெனியைப் பற்றி நீ எழுதினாயே, அது சரி. என்னை அழ வைத்தது அந்தக் கிடங்குதான். மாத்திரை இல்லாமல் அங்கே நிற்க முடியாது என்பதும் சரி. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கிறது? வேறு வேலை தேடுகிறேன். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில் கேட்டிருக்கிறேன்.

தாமரை

---

15 மார்ச் 2026

அன்புள்ள தாமரைக்கு,

உன் கடிதத்தை பேசில் அங்கிளிடம் காட்டவில்லை. யாரிடமும் காட்டவில்லை. மன்னிப்புக் கேட்க எழுதி எழுதிக் கிழித்தேன். இரண்டு கடிதத்துக்கான தாள் போய்விட்டது.

நான் சுகமாக இல்லை. அந்த மூன்று ரயிலைப் பற்றிப் படித்த நாளிலிருந்து தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. போன வாரம் வரிசையில் நிற்கும்போது மூச்சு அடைத்துக்கொண்டது, செத்துவிட்டேன் என்று நினைத்தேன். இங்கே வாரம் ஒரு முறை டாக்டர் வருவார். ஒரு தாள் கொடுத்தார். மலாயில் ஒன்பது கேள்வி. என் மார்க் உன்னுடையதைவிட அதிகம்.

மாத்திரை எழுதியிருக்கிறார். உன்னுடையதுதான், அதே பேர். மூன்று நாளாக நாக்குக்கு அடியில் வைத்து, வார்டர் போனதும் துப்பிவிடுகிறேன். இது எனக்குத் தெரிந்த சாமான் இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. வாய்க்குத் தெரியவில்லை.

நான் சொல்லி நீ கேட்டாய். இப்போது நீ சொல். முதல் வாரம் எப்படி இருக்கும்?

ஜீவன்

---

கிள்ளான்
5 ஏப்ரல் 2026

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நலம் என்று எழுத இந்த முறை பொய் சொல்லவேண்டியதில்லை. முக்கால்வாசி நலம். அம்மா இந்த மாதம் வருகிறார். நான் அவரிடம் சொல்லிவிட்டேன். நீ மறைக்கவேண்டாம்.

முதல் வாரம் குமட்டும். வெறும் வயிற்றில் போடாதே. காரணமில்லாமல் கொட்டாவி வரும், வயிறு இளகும், சில பேருக்குத் தூக்கம் கெடும். கை நடுங்கினால் பயந்துவிடாதே. இரண்டு வாரத்துக்கு ஒரு பயனும் தெரியாது, ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். எனக்கு ஆறாவது வாரத்தில்தான் காலையில் எழுவது கொஞ்சம் லேசானது. உனக்கு அப்படியே இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். என் உடம்பு வேறு. மனசு இன்னும் மோசமானால், உடம்பு என்னவோ செய்தால், அன்றைக்கே அந்த டாக்டரிடம் சொல். வாரக் கடைசி என்றால் வார்டரிடம் சொல். கத்து. வெட்கப்படாதே.

இது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்காதே. போட்டால் நான் கொஞ்சம் தூரத்தில் இருக்கிறேன். போடாவிட்டால் ஸ்டேஷனில் இருக்கிறேன். இப்போதைக்குத் தூரம் போதும்.

நாக்குக்கு அடியில் வைக்காதே. விழுங்கு.

நிறுத்தலாம் என்று தோன்றும், கட்டாயம் தோன்றும். அப்போது டாக்டரைக் கேள். அவரை நம்ப முடியாவிட்டால் எனக்கு எழுது. என் பதில் வர ஒரு மாதம் ஆகும். அது வரும்வரை போட்டுக்கொண்டிரு.

தங்கை
தாமரை